சாயங்காலச் சண்டை

தனேஷ் மோட்டாரை வாசலில் நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றுவதற்குள் உள்ளே ஒரு தட்டு உடைந்தது.

"இது ரசமா? சட்டி கழுவுன தண்ணிய வடிகட்டிக் கொண்டாந்து வச்சிருக்கா!" அம்மா நல்லம்மாளின் குரல்.

"அப்ப நீங்களே வச்சுக் குடிங்க அத்தை! நான் ஒன்னும் இந்த வீட்டுக்கு வேலைக்காரியா வரல லா!" மனைவி ஷர்மினியின் குரல்.

தனேஷ் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். விடிவதற்கு முன்னால் சுங்காயிலிருந்து புறப்பட்டு, ஈப்போ தொழிற்சாலையில் நாள் முழுக்க நின்று, எண்பது கிலோமீட்டர் மோட்டாரிலேயே திரும்பி வருகிறவன் அவன். போன மாதம் மழையில் கம்பார் பக்கம் சறுக்கி விழுந்ததில் முழங்காலில் ஏழு தையல். அந்தத் தையல்கூட இப்படி வலிக்கவில்லை.

அதுவரை இந்த வீட்டில் சண்டை என்ற பேச்சே கிடையாது. அவன் விழுந்து எழுந்த மறுநாள் ஷர்மினி மெல்லக் கேட்டாள். "ஈப்போலயே ஒரு வீடு வாடகைக்குப் பாக்கலாமாங்க?"

அவன் எகிறினான். "அப்பாவும் போய்ட்டாரு. ஒட்டுக்கடைய விட்டுட்டு அம்மாவும் வரமாட்டாங்க. பெத்தவளத் தனியா விட்டுட்டுப் போறவன் மனுசனா? இனிமே இந்தப் பேச்சையே எடுக்காத!"

பக்கத்தில் நல்லம்மாள் மறுநாள் தன் ஒட்டுக்கடையில் விற்கும் நாசி லெமாக் சோற்றுக்கு நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தாள். தலையைக்கூடத் தூக்கவில்லை.

அடுத்த வாரமே வீட்டுக்குள் சனி புகுந்துகொண்டது. துணி காயப்போட்ட விதம் சரியில்லை என்று ஒரு நாள், குழாயை ஒழுங்காக மூடவில்லை என்று ஒரு நாள். எவள் பக்கம் பேசினாலும் மற்றவள் பாய்ந்தாள். பேசாமல் இருந்தால் இருவரும் சேர்ந்து பாய்ந்தார்கள்.

வேலிக்கு அந்தப் பக்கம் பக்கத்து வீட்டு அப்பாவு பூச்செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். தனேஷ் எழுந்து போனான்.

"அண்ணே, பகல்லயும் இதே கூத்துதானா?"

"பகல்ல ஒரு சத்தமும் கேக்கலையே தம்பி."

ஐயோ, அப்படியென்றால் பகலில் முகம் கொடுத்துப் பேசிக்கொள்வதே இல்லையா! சண்டை போட்டால்கூடத் தேவலை, இப்படிப் பேச்சுவார்த்தையே அற்றுப்போனால் குடும்பம் என்னத்துக்கு ஆகும்?

உள்ளே போனதும் நல்லம்மாள் அகப்பையை அவன் பக்கம் நீட்டினாள். "ஒன்னு இந்த வீட்டுல அவ இருக்கணும், இல்ல நான் இருக்கணும். கூட்டிக்கிட்டு ஈப்போவுக்கே போய்த் தொல!"

"உங்கள எப்படிம்மா தனியா விட்டுட்டு..."

"நான் என்ன கைக்கொழந்தையா? கடை இருக்கு, கோயில் இருக்கு, அக்கம்பக்கத்துல சனம் இருக்கு. ஞாயித்துக்கெழமையில வந்து மூஞ்சியக் காட்டு, போதும்."

அன்று இரண்டு தட்டுச் சோறும் அப்படியே இருந்தன. மூன்றாவது தட்டு ஏற்கெனவே உடைந்து கிடந்தது.

தொழிற்சாலையிலிருந்து பத்து நிமிடத் தூரத்தில் வீடு கிடைத்தது. சாமான்களை லோரியில் முதலில் அனுப்பிவிட்டு, சனிக்கிழமை காலை நண்பன் சீனியின் காரை இரவல் வாங்கிக்கொண்டு புறப்பட்டார்கள்.

நல்லம்மாள் வாசலுக்கு வரவில்லை. அடுப்பைப் பார்த்தபடியே நின்றாள்.

"போய்ட்டு வாரேம்மா."

"ம்."

முதுகு குலுங்கியதை மட்டும் பார்த்தான். கோபத்தில் பெற்ற தாய்க்கு உடம்பே ஆடுகிறதே என்று நினைத்து உடைந்துபோனான். ஷர்மினியோ காரில் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

பீடோர், தாப்பா, கம்பார் எல்லாம் அவன் கண்ணுக்குக் கலங்கலாகவே கடந்துபோயின. இரண்டு பெண்களை ஒரு கூரைக்குக் கீழே வைத்துக் காப்பாற்றத் துப்பில்லாதவன் என்று தன்னையே திட்டிக்கொண்டான். ஷர்மினி கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கோப்பெங்கில் காருக்கு எண்ணெய் ஊற்ற நிறுத்தினான். ஷர்மினி கழிப்பறைக்கு இறங்கிப் போனாள்.

இருக்கையில் அவள் விட்டுப்போன கைப்பேசி அடித்தது. திரையில் 'அத்தை' என்றிருந்தது.

வீட்டை விட்டு வந்த பிறகும் விடமாட்டார்களா! சரி, இன்றோடு இதற்கு ஒரு முடிவு கட்ட வேண்டும், காலில் விழுந்தாவது அம்மாவைச் சமாதானப்படுத்த வேண்டும். கண்ணைத் துடைத்துக்கொண்டு, கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்தான். அவன் வாயைத் திறப்பதற்குள் நல்லம்மாள் ஆரம்பித்துவிட்டாள்.

"ஷர்மினி, பசியாறிட்டீங்களா ஆயி? அந்த மடையன் இன்னும் அழுதுக்கிட்டேதான் வண்டி ஓட்டுறானா?"

தனேஷ் கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்து, ஒரு முறை திரையைப் பார்த்துவிட்டு, மறுபடியும் காதில் வைத்தான்.

"நேத்து உன்னைக் கொஞ்சம் கூடுதலாத்தான் ஏசிட்டேன், மனசுல வச்சுக்காதம்மா. எங்க மாமியா என்னை இதவிட மோசமா ஏசித்தான் உங்க மாமாவ ரப்பர் தோட்டத்த விட்டே கெளப்புனாங்க!"