மஞ்சள் பொடிக்கு வாக்கெடுப்பு

துணிக்கு மஞ்சள் நிறம் ஏற்றும் ஒரு ரசாயனப் பொடியால் புற்றுநோய் வருவது ‘நிச்சயம்’ என்று, ஐந்து பேர் கொண்ட ஆய்வுக் குழுவில் இரண்டு பேர் கை தூக்கினார்கள். ‘வரலாம்’ என்று இரண்டு பேர். ‘நிச்சயம்’ ஜெயித்தால்தான் தடை. மிச்சமிருந்தவள் விஞ்ஞானி தில்லைநாயகி.

“சீக்கிரம் தூக்கும்மா, எண்ணி முடிக்கிற வரைக்கும் நாங்க இறக்க முடியாது. தோள்பட்டை கழண்டுடும் போலிருக்கு” என்றார் ‘வரலாம்’ பக்கமிருந்த மாசிலாமணி.

காலையில்தான் அவளுடைய தம்பி போன் செய்திருந்தான். “சாயப்பட்டறையில வேலை கிடைச்சிடுச்சுக்கா. அதுக்குள்ள கையெல்லாம் மஞ்சள், கல்யாண மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்.”

சொந்தக்காரர் அந்தத் தொழிலில் இருந்தால் வாக்களிக்கக் கூடாது என்பது குழுவின் விதி.

“என் தம்பி அந்தப் பொடியிலதான் வேலை பாக்குறான், சார். என் ஓட்டு செல்லாது” என்று சொல்லிவிட்டு வெளியேறினாள்.

கண்ணாடிக் கதவு வழியாகத் திரும்பிப் பார்த்தபோது, எண்ணி முடிக்கும் முன்பே மாசிலாமணியின் கை மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது.