மூன்றாவது கதவின் கொண்டி

"ஏட்டி தங்கபாய், நீ இன்னைக்கு அண்டி தல்லண்டாம். பிள்ளைகளுக்க முறியில போயி தொட்டில் ஆட்டு. கைய மட்டும் வெளிய எடுக்காத."

ஓமனா இதைச் சொன்னது திங்கட்கிழமையா, செவ்வாய்க்கிழமையா என்று இப்போது யாருக்கும் உறுதியில்லை. வருடம்கூட 2011 என்றும் 2012 என்றும் இரண்டு பேச்சு உண்டு. மழை பெய்துகொண்டிருந்தது என்பதில் மட்டும் கருங்கல் ஊருக்குப் பக்கத்து அந்த முந்திரி ஆலையில் எல்லோருக்கும் ஒரே கருத்து.

"கைய எடுக்காம தொட்டிலக் காலாலயா ஆட்டுவேன்?" என்றாள் தங்கபாய்.

பதினெட்டு வருடமாக அண்டி தல்லுபவள், அதாவது முந்திரிக் கொட்டை உடைப்பவள். கொட்டைத் தோட்டின் எண்ணெய் அவள் விரல்களை அடுப்புக்கரி மாதிரி ஆக்கியிருந்தது. கையுறை போட்டால் பருப்பு முழுசாக வருவதில்லை என்று அதைக் கழற்றி மடியில் செருகிக்கொள்வாள். ஆலையைச் சோதிக்க வருகிறவர் கண்ணில் அந்தக் கை பட்டால் தீர்ந்தது.

ஹாலந்தில் ஒரு பெரிய கடைக் கம்பெனி ஆண்டு முழுவதற்கும் பருப்பு வாங்கத் தயாராக இருந்தது. நிபந்தனை ஒன்றுதான். தொழிலாளர்களுக்காக நடக்கும் சுவிஸ் தொண்டு நிறுவனம் ஒன்று ஆலையைப் பார்த்து நற்சான்று தரவேண்டும். தராவிட்டால் ஹாலந்துக்காரன் வியட்நாமுக்குப் போய்விடுவான். நூற்றெண்பது பெண்கள் வீட்டுக்குப் போவார்கள். அந்தப் பெண்களுக்கு மேற்பார்வை ஓமனாதான்.

முதலாளி ஜஸ்டஸ் காலையிலிருந்து மூன்று சட்டை மாற்றியிருந்தார். வெள்ளைக்காரர் வருவார் என்று முள்கரண்டியும் டின் பிஸ்கட்டும் வாங்கி வைத்திருந்தார். காரிலிருந்து இறங்கியது ரெஜிஷா என்ற முப்பது வயதுப் பெண். வேலை அந்த நிறுவனத்தின் கொச்சிக் கிளையில், சொந்த ஊர் பக்கத்திலுள்ள தக்கலை.

"கட்டஞ்சாயா கிடைக்குமா சார்? ஏத்தம்பழ பஜ்ஜி இருந்தா இன்னும் நல்லது."

ஜஸ்டஸ் முள்கரண்டியைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

ரெஜிஷா அவசரப்படவில்லை. கையுறைகளை எண்ணாமல், உபயோகத்தில் இருக்கிறதா என்று முகர்ந்து பார்த்தாள். கழிப்பறைக் கதவுகள் நான்கையும் ஒவ்வொன்றாக உள்ளே போய்ப் பூட்டித் திறந்தாள். கடைசியாகக் குழந்தைகள் அறைக்கு வந்தாள். அங்கே தங்கபாய் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு முழங்கையால் தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, கையக் காட்டுங்க."

தங்கபாய் ஓமனாவைப் பார்த்தாள். ஓமனா சுவரைப் பார்த்தாள்.

"பதினெட்டு வருஷத்துக் கறை மக்கா," என்று தங்கபாய் கையை நீட்டினாள். "கையுறை வந்து எட்டு மாசம்தான் ஆவுது. அதுக்குள்ள வெளுக்குமா?"

"எட்டு மாசத்துக்கு முன்ன என்ன நடந்தது?"

ஜஸ்டஸ் முந்திக்கொண்டார். "உங்க லெட்டர் வந்ததுல்லா." ஓடிப்போய் அலுவலகச் சுவரிலிருந்து ஒரு கண்ணாடிச் சட்டத்தைக் கழற்றிக்கொண்டு வந்தார். மேலே நீல நிறத்தில் ஒரு உலக உருண்டை, கீழே ஆங்கிலம். "எனக்கு இங்கிலீஷ் அவ்வளவு பத்தாது. இந்த ஓமனாவுக்க மவ நந்தனா கம்ப்யூட்டர் படிக்கா. அவதான் வாசிச்சு அர்த்தம் சொன்னா. எப்ப வேணும்னாலும் வருவோம், அதுக்கு முன்ன எல்லாருக்கும் கையுறை, பிள்ளைகளுக்கு ஒரு முறி, மூணாவது கக்கூஸ் கதவுக்குக் கொண்டி. ஒண்ணு விடாம செஞ்சாச்சு."

"இதுக்கு முன்ன ஆரும் கேக்கலியா சார்?"

"கேட்டாளுவ. பதினோரு வருஷம் கேட்டாளுவ. நம்ம பெண்ணுங்க சொன்னா நமக்கு எங்க ஏறும்? வெளிநாட்டுக்காரன் எழுதணும்." அவரே சிரித்துக்கொண்டார்.

ரெஜிஷா கடிதத்தை வாசித்தாள். ஒரு பக்கக் கடிதம்தான். வெகுநேரம் வாசித்தாள். தகரக் கூரைமேல் மழை விழுந்துகொண்டே இருந்தது. ஓமனாவின் கையில் சாயாத் தட்டு இருந்தது. நூற்றெண்பது பேரும் ஹாலந்துக் கப்பலும் அந்தத் தட்டில் இருப்பதுபோல அவள் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல லெட்டர்," என்றாள் ரெஜிஷா கடைசியில். "பத்திரமா வெச்சுக்குங்க. அதுல உள்ளது எல்லாம் செஞ்சிருக்கீங்க சார். சான்று வரும்."

ஜஸ்டஸ் தங்கபாய்க்கே ஒரு பஜ்ஜி எடுத்துக் கொடுத்தார்.

கார்வரை குடை பிடித்துக்கொண்டு போனது ஓமனா. கதவைத் திறந்த ரெஜிஷா ஏறாமல் நின்றாள்.

"அக்கா, நாங்க எந்த ஆலைக்கும் லெட்டர் போடுறதில்ல. எல்லாம் பருப்பு வாங்குறவங்க வழியாத்தான்."

ஓமனாவின் குடை கொஞ்சம் சாய்ந்து, ரெஜிஷாவின் தோள் நனைந்தது.

"மூணாவது கதவுக்குக் கொண்டி இல்லன்னு சுவிட்சர்லாந்துல ஆருக்குத் தெரியும்?" ரெஜிஷா குடையை நிமிர்த்திவிட்டு ஏறி உட்கார்ந்தாள். "அடுத்த லெட்டர்ல நாலு ஃபேனும் சேத்துக்குங்க. உள்ள வெந்து போவுது."

சான்று வந்தது, ஹாலந்துக்குக் கப்பலும் போனது. அடுத்த மாதமே நான்கு மின்விசிறிகள் சுழன்றன. ஜஸ்டஸ் இரண்டாவது கடிதத்துக்கும் சட்டம் போட்டார். தங்கபாய் இன்றும் கையுறையை மடியில்தான் வைத்திருக்கிறாள். கருங்கல் பிரௌசிங் சென்டரில் உட்கார்ந்து, அம்மா சொல்லச் சொல்ல அந்த இரண்டு கடிதங்களையும் ஆங்கிலத்தில் அடித்த நந்தனா, இப்போது கொச்சியில் ரெஜிஷாவின் நிறுவனத்தில் இருக்கிறாள். அவர்கள் இப்போதெல்லாம் ஆலைகளுக்கு முன்கூட்டியே கடிதம் அனுப்புகிறார்கள், எழுதுவது அவள்தான்.