முள் அசையவில்லை

"பாய், ஆயில் மீட்டர் முள் அசையவே இல்லைன்னு கைப்பிடி சுத்தறவர்கிட்ட சொல்லுங்க!"

டிராக்டர் மேல் உட்கார்ந்திருந்த அர்ஜுனன் கத்தினான். கீழே கைப்பிடி சுற்றியது அவனுடைய சொந்த அண்ணன் தர்மன். நடுவே நாலு முழம்கூட இல்லை. ஆனால் பாகப்பிரிவினைச் சண்டைக்குப் பிறகு மூன்று வருஷமாக இருவருக்கும் பேச்சே கிடையாது. அப்பா 1962-ல் வாங்கிய அந்த டிராக்டரும் மூன்று வருஷமாகக் கொட்டகையில் தூங்கியது.

முந்தாநாள் நல்ல மழை. ஏனாத்தூரே உழவில் இறங்கிவிட்டது. ஈரம் காய்வதற்குள் உழாவிட்டால் இந்த வருஷக் கடலை போச்சு.

"சும்மா கிடந்த இஞ்சின்ல எண்ணெய் வடிஞ்சிடும். கையால சுத்தித்தான் மேல ஏத்தணும். முள் ஏறாம ஸ்டார்ட் பண்ணா பேரிங் காலி," என்றார் காஞ்சிபுரத்து மெக்கானிக் ஹனீஃபா. "நான் தொழுதுட்டு வரேன். நீங்க சுத்திக்கினே இருங்க."

தூது சொல்ல ஆளில்லை. தர்மன் ஐம்பது சுற்று சுற்றினான்.

"ஏறுதா?" என்று கைப்பிடியிடம் கேட்டான்.

"இல்லை," என்று மீட்டரிடம் சொன்னான் அர்ஜுனன்.

இன்னும் முப்பது சுற்று.

"இப்பவாவது ஏறுதாடா?"

"இல்லைண்ணே."

தர்மனின் கை அப்படியே நின்றது. அர்ஜுனன் குதித்து இறங்கினான்.

"நீ போய் மேல உக்காருண்ணே. எப்படி மூச்சு வாங்குது பாரு!"

"நீ பெரிய பயில்வானு! உன் தொந்தியைப் பாருடா முதல்ல!"

இருவரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தர்மனுக்கு அழுகையும் சேர்ந்து வந்தது. மூன்று வருஷத்தை வீணடித்துவிட்டோமே என்றிருந்தது.

சிரிப்புச் சத்தம் கேட்டு ஹனீஃபா உள்ளே வந்தார். இஞ்சின் பக்கம் குனிந்து எதையோ முறுக்கினார். "இப்ப சுத்துங்க."

அர்ஜுனன் சுற்றியது நாலே சுற்று. "ஏறிடுச்சுடா!" என்று மேலே உட்கார்ந்திருந்த தர்மன் கூவினான். இஞ்சின் உறுமியது. அண்ணன் ஓட்ட, தம்பி பக்கத்தில் தொற்றிக்கொள்ள, வண்டி கழனிக்குப் பறந்தது.

அது கண்ணுக்கு மறைந்ததும் தர்மனின் மனைவி அங்கம்மாளும் அர்ஜுனனின் மனைவி காந்தாவும் கைகோத்துக்கொண்டு வந்தார்கள், ஒரே சொம்பில் மோரோடு.

"நேத்து இவங்க சந்தைக்குப் போனப்பவே நீங்க ஓட்டிக் காட்டின வண்டியாச்சே பாய்! இன்னிக்கு எப்படி முள்ளு ஏறாம பாத்துக்கினீங்க?" என்று கேட்டாள் காந்தா.

"மீட்டருக்குப் போற குழாயைக் கழட்டிட்டேன்மா," என்று சிரித்தார் ஹனீஃபா. "அவங்க பேசினப்புறம்தான் அதை மாட்டணும்னு நீங்க ரெண்டு பேரும் சொல்லிட்டீங்களே!"