கழற்றிய மூன்று கண்ணிகள்

“இந்த வருஷம் எத்தனை கண்ணி சேர்க்கணும்?” என்று கேட்டபடியே காகிதத்தில் சுற்றியிருந்த வெள்ளி அரணாக்கொடியை வாங்கினார் இசக்கிமுத்து ஆசாரி.

சிவபாண்டி நெஞ்சை நிமிர்த்தினான். “சேர்க்க வேண்டாம் அண்ணாச்சி. மூணு எடுங்க.”

ஆசாரியின் இடுக்கி அந்தரத்தில் நின்றது.

ராஜபாளையத்தில் முப்பது வருஷமாகப் பட்டறை. இடுப்பைப் பார்த்தே ஆளின் வருமானத்தைச் சொல்லிவிடுவார். மில் முதலாளிக்கு வருஷத்துக்கு ஒரு கண்ணி கூடும். கடைக்காரருக்கு ரெண்டு வருஷத்துக்கு ஒன்று. மூட்டை தூக்குகிறவனுக்குக் கல்யாணத்தில் போட்ட கொடி சுடுகாடு வரைக்கும் அதே அளவு. உட்கார்ந்தே தொழில் செய்யும் ஆசாரி தன் கொடிக்கு எத்தனை சேர்த்தார் என்று மட்டும் யாரும் கேட்கக் கூடாது.

சிவபாண்டியும் அப்படி ஏறியவன்தான். மில்லில் பஞ்சு பேல் தூக்கியவன் சூப்பர்வைசராகி நாற்காலியில் உட்கார்ந்ததும் ஒன்று. பைக் வாங்கியதும் ஒன்று. மம்சாபுரத்தில் மாடி எடுத்ததும் ஒன்று. ஒவ்வொன்றுக்கும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிவந்து பட்டறைக்கே பங்கு வைத்தவன்.

அதையெல்லாம் கழற்றினால் ஊர் என்ன சொல்லும்?

“வேலை கீலை போயிருச்சாப்பா?”

“வேலைக்கு என்ன? எனக்கு சுகர்! மருத்துவ முகாம்ல சொல்லிட்டாவ. நாலு மாசமா காலையில நடை. பால்கோவாவுக்குப் பெரிய கும்புடு.”

பதக்கம் வாங்கியவன் போலச் சொன்னான். சட்டையைத் தூக்கி, இடுப்பு வெறுமையாக இருக்கக் கூடாதென்று கட்டியிருந்த கறுப்புக் கயிற்றையும் காட்டினான். அது வயிற்றில் பதியாமல் தளர்ந்து கிடந்தது.

பக்கத்து ஸ்டூலில் அவன் மனைவி பாண்டிசெல்வி. வன்னியம்பட்டிக் காட்டில் களையெடுத்துக் களையெடுத்து விளக்குமாற்றுக் குச்சியாக ஆனவள்.

“ஏ தாயி, அள்ளி அள்ளிப் போட்டு நீதான் இவனுக்குச் சீக்கைக் கொண்டாந்திருக்க. உனக்கெல்லாம் ஏழு சென்மத்துக்கும் வராது” என்றார் ஆசாரி.

அவள் தலை குனிந்தாள்.

“அவளை ஏன் வையுதிய? சீக்கு எனக்குத்தான்னு சொல்லுதேன்ல!” சிவபாண்டியின் குரல் தெருவரைக்கும் கேட்டது. கேட்கட்டும் என்றே சொன்னது போலிருந்தது. “எடுக்குற கண்ணியை இவளுக்கு மெட்டியா அடிச்சிருங்க.”

இருவரும் எதிர்த்த டீக்கடைக்குப் போனார்கள். “ரெண்டு டீ, சீனி இல்லாம” என்று அவன் சொன்னது இங்கே கேட்டது.

ஆசாரி கண்ணிகளை வெட்டினார். மிச்சக் கொடியைப் பொதிய, அதைச் சுற்றி வந்த காகிதத்தையே எடுத்து விரித்தார். முகாமில் கொடுத்த சீட்டு.

பாண்டிசெல்வி. வயது 41. இடுப்பு 70 செ.மீ. சர்க்கரை 286.

மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். முப்பது வருஷ இடுப்பு சாஸ்திரம் ஒரு துண்டுக் காகிதத்தில் கவிழ்ந்து கிடந்தது.

ஒல்லிப் பெண்ணுக்குச் சர்க்கரை என்றால், எதைத் தின்று வரவழைத்தாளோ என்று ஊர் அவளையே குற்றம் சொல்லும் என்று அவருக்குத் தெரியும். சற்று முன்னால், புருஷனுக்கு வந்ததற்கே அவளைக் குற்றம் சொன்னவர் அவர்தான்.

பெயர் உள்ளே போகும்படி மடித்துச் சுற்றினார்.

ஜவுளிக்கடை ஞானதுரை வாசலில் எட்டிப் பார்த்தார். “என்ன ஆசாரி, சிவபாண்டி இம்புட்டு இளைச்சுட்டான்?”

“அவனுக்கு சுகர்ல்லா!” என்றார் ஆசாரி உரக்க, தன் மகன் கலெக்டரானதைச் சொல்வது போல.