எதிர்வீட்டு பேட்டரி

கரண்ட் கம்பியே இல்லாமல், விளக்கு முதல் ஏசி வரை பேட்டரியிலேயே ஓடும் அந்த அடுக்குமாடியில், சார்ஜ் தீர்ந்தால் எதிர்வீட்டில் சர்க்கரை கேட்பதுபோல பேட்டரி கேட்பார்கள். திருப்பும்போது மொட்டைமாடி சோலாரில் முழுதாக நிரப்பித் தருவது வழக்கம். பரிமளாவும் நிரப்பித்தான் தந்தாள். ஆனால் எதிர்வீட்டு ஜுலேகாவின் புது பேட்டரியை வைத்துக்கொண்டு, அச்சு அசலாக அதைப்போலவே இருந்த தன் பழசைத் துடைத்துத் தந்துவிட்டாள்.

மறுநாளே ஜுலேகா, உடம்பெல்லாம் வேர்க்குருவோடு வீறிட்டு அழும் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றாள்.

"அக்கா, எங்க பேட்டரி ஒரு மணி நேரம்கூட நிக்கல. உங்களுக்குக் குடுத்தப்பவும் இப்படித்தான் பாதியில காலை வாரியிருக்கும். ஒரு வார்த்தை சொல்லலையே நீங்க! மன்னிச்சுக்குங்க."

உள்ளேயிருந்து ஏசிக் காற்று பரிமளாவைத் தாண்டி வாசலுக்கு வந்தது. குழந்தை சட்டென்று அழுகையை நிறுத்திவிட்டு, அந்தக் குளிர்ச்சியை நோக்கி இரண்டு கைகளையும் நீட்டியது.