சாப்பாட்டு மேஜையில் ஒரு குண்டுவீச்சு விமானம்

“இந்த வீட்டுக்குள்ள இதைக் கொண்டுவர உனக்கு எப்படி மனசு வந்துச்சு?”

வேலையிலிருந்து வந்தவன் பையைக்கூட இறக்கவில்லை. சாப்பாட்டு மேஜை முழுக்க பிளாஸ்டிக் துண்டுகள். நடுவில் இறக்கையில்லாத பொம்மை விமானம் ஒன்று. பக்கத்தில் கிடந்த அட்டைப்பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது: ‘ஒலியைவிட வேகமாகப் பறக்கும் சோதனைக் குண்டுவீச்சு விமானம். நீங்களே ஒட்டிச் செய்யலாம்.’

மனைவி நிமிரக்கூட இல்லை. சின்னச் சக்கரத்தில் பசை தடவிக்கொண்டிருந்தாள்.

“கடையில கார், கப்பல் எதுவும் கிடைக்கலையா?”

“கிடைச்சுது. இதுதான் வேணும்.”

அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அக்கா சிறுமியாக இருந்தபோது அவர்கள் வீட்டின் மேல் குண்டு விழுந்தது. கைக்குழந்தையான அவனைத் தன் உடம்பால் மூடிக்கொண்டு கட்டிலுக்கடியில் கிடந்தாள். அப்பாவும் அம்மாவும் பிழைக்கவில்லை. இன்றைக்கும் வானத்தில் பயணிகள் விமானம் போனால்கூட அக்கா கட்டிலுக்கடியில்தான்.

“அக்கா கண்ணுல பட்டா என்ன ஆகும்? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா உனக்கு?”

“இருக்கு. அதனாலதான் ஒட்டறேன்.”

“தூக்கிக் குப்பையில போடு!”

“முடியாது.”

“அப்ப நான் போடறேன்.”

“கை வச்சுப் பாருங்க!” பசைக்குழாயோடு எழுந்து நின்றுவிட்டாள். “கதவை மெதுவா சாத்து, டிவியை சத்தமா வைக்காதேன்னு உங்க அக்காவைப் பொத்திப் பொத்தி வச்சீங்களே, அவங்க பயம் ஒரு பொட்டாவது குறைஞ்சுதா?”

அவன் பதில் சொல்வதற்குள் ஜன்னல் கண்ணாடிகள் கிடுகிடுத்தன. கூரையை உரசுகிற மாதிரி ஒரு விமானம் தாழப் பறந்து போனது.

“அக்கா!”

பையைப் போட்டுவிட்டு அக்காவின் அறைக்கு ஓடினான். தரையில் படுத்து, கட்டிலுக்கடியில் பாதி உடம்பை நுழைத்துத் தேடினான். காணவில்லை.

“அக்கா எங்கடி?” அங்கிருந்தே கத்தினான்.

மாடிப்படியில் செருப்புச் சத்தம் கேட்டது. அக்கா இறங்கி வந்து அறை வாசலில் நின்றாள். விரலெல்லாம் வெள்ளைப் பெயின்ட். கைக்கொன்றாக இரண்டு பிளாஸ்டிக் இறக்கைகள்.

“ஏன்டா கத்தற? மொட்டைமாடியில இறக்கையைக் காய வச்சிட்டிருந்தேன். நான்தான் இதை வாங்கிட்டு வரச் சொன்னேன். சத்தத்துக்கு முன்னாடியே வந்துடுமாமே இது, அப்புறம் சத்தம் கேட்டு ஒளிஞ்சு என்ன பிரயோஜனம்? நீ முதல்ல கட்டிலுக்கடியிலேருந்து வெளிய வா!”