தனகோட்டியின் சேலை

மாரிகுப்பத்துத் தங்கச் சுரங்கத்தில் ஆழம் குறிக்கும் ரைட்டர் ஏகாம்பரம், மதராஸில் படித்தவன். ஐகோர்ட்டு உச்சியிலிருக்கும் கலங்கரை விளக்கத்தையும் கடலையும் காட்டுவதாக மனைவி தனகோட்டியிடம் சொல்லியிருந்தான். அதற்கென்று வாங்கிய சேலையைக் கட்டாமலே அவள் காய்ச்சலில் போய்விட்டாள்.

திங்களன்று, செங்குத்தாக இறங்கும் சுரங்கக் குழியான ஷாஃப்டு, இரண்டாயிரத்து எண்ணூறு அடியைத் தொட்டது. கடல் மட்டத்திலிருந்து ஊரின் உயரமும் அதுதான் என்பதால், ஷாஃப்டின் அடியும் மதராஸ் கடலும் இனி ஒரே மட்டம் என்று கணக்குப் போட்டான். வீட்டில் பெட்டியைத் திறந்தபோது சேலையின் அடிக்கரை ஈரமாக இருந்தது. மடிப்பில் மணல்.

செவ்வாயன்று இரண்டடி தோண்டினார்கள். சேலை இரண்டடிக்கு நனைந்திருந்தது. நாக்கில் வைத்துப் பார்த்தான். உப்புக் கரித்தது.

புதனன்று மேஸ்திரி சகாயம், ஆட்களை ஷாஃப்டில் ஏற்றி இறக்கும் கூண்டிலிருந்து வெளியே வந்தார்.

"இன்னா ரைட்டரய்யா, மூஞ்சி வெளுத்துக் கெடக்குது? இன்னிக்கும் ரெண்டடிதான். நாளைக்கு மூணடி எறக்கிடலாம்."

"கீழ தண்ணி வந்துச்சா?"

"தண்ணியா? எச்சில் துப்புனாக்கூட காஞ்சிடுது."

அன்று நாலடி அகலச் சேலை முழுவதும் நனைந்திருந்தது. நாளை தண்ணீர் ஏழடி ஆகிவிடும். தனகோட்டி ஐந்தடி உயரம். நீச்சல் தெரியாது.

வியாழக்கிழமை காலை ஏகாம்பரம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சகாயத்துக்கு முன்பாகவே முதல் கூண்டில் ஏறினான். கக்கத்தில் அவளுடைய உலர்ந்த சேலை ஒன்று வைத்திருந்தான்.